அம்மா திண்ணையில் சொன்னது



போன வாரம் விருதுநகர் போய் நோட்டரி வக்கீலிடம் ஒரு தாளில் கையெழுத்தும் முத்திரையும் வாங்கிக்கொண்டு மல்லாங்கிணறு திரும்பிக்கொண்டிருந்தேன். பஸ்ஸில் பக்கத்தில் என் பழைய மாணவன். "என்ன சார், இடம் கிடம் வாங்கியிருக்கீங்களா?" என்று கேட்டான். "இல்லப்பா, என் கடைசிக் காலத்துக்கு எழுதி வச்சிட்டு வர்றேன்" என்றேன். பையன் அரண்டு போய்விட்டான். பஸ்ஸில் அவனிடம் சொல்லி முடிக்க முடியாததை இங்கே எழுதுகிறேன். கொஞ்சம் நீளம்தான், பொறுத்துக்கொள்ளுங்கள்.

2019-ல் எங்கள் அம்மாவுக்குப் பக்கவாதம் வந்தது. வயது 84. மதுரையில் ஒரு ஆஸ்பத்திரியில் சேர்த்தோம். இரண்டாம் நாளே மூச்சுக்குழாய் போட்டு வென்டிலேட்டரில் வைத்தார்கள். குழாயைப் பிடுங்கிவிடக் கூடாது என்று அசைகிற ஒரு கையையும் துணியால் கட்டிலோடு கட்டியிருந்தார்கள். காலையில் பத்து நிமிஷம், சாயங்காலம் பத்து நிமிஷம், ஒவ்வொருவராக உள்ளே போய்ப் பார்த்துவிட்டு வருவோம்.

பத்தாம் நாள் டாக்டர் எங்கள் நாலு பேரையும் உட்கார வைத்துப் பேசினார். நல்ல மனுஷர். "மூளை ரொம்பப் பாதிச்சிருச்சு. இனி எழுந்திருக்க வாய்ப்பு இல்லை. என்ன செய்யலாம்னு நீங்க கலந்து பேசிச் சொல்லுங்க" என்றார்.

நாங்கள் கலந்து பேசவே இல்லை. ஒருத்தர் முகத்தை ஒருத்தர் பார்த்துக்கொண்டு நின்றோம். "எடுத்துருங்க" என்று யார் சொல்கிறார்களோ, அவர்தான் அம்மாவைக் கொன்றவர் என்று ஆகிவிடும் அல்லவா?

இத்தனைக்கும் அம்மா சொல்லாமல் இல்லை. திண்ணையில் உட்கார்ந்து வத்தல் காம்பு கிள்ளிக்கொண்டே எத்தனையோ தடவை சொல்லியிருக்கிறார். "எனக்கு ஒண்ணுன்னா டியூப்பு கீப்பு போட்டு வைக்காதீக. இந்தத் திண்ணையிலயே கெடத்திருங்க." நாலு பிள்ளைகளும் கேட்டிருக்கிறோம். "சும்மா இரும்மா, அச்சானியமாப் பேசாத" என்று நாலு பேரும் வாயை அடைத்திருக்கிறோம். மதுரையில் அன்று ஒருத்தர்கூட அதை எடுத்துச் சொல்லவில்லை, நான் உட்பட.

பதினேழாம் நாள் இரவு அம்மா போய்விட்டார். வாயில் ஒரு சொட்டுப் பால் ஊற்ற முடியவில்லை. வாய் நிறையக் குழாய். "அப்பவே வீட்டுக்குக் கூட்டிட்டு வந்திருக்கலாமோண்ணே" என்று தங்கச்சி இன்றைக்கும் கேட்கிறாள்.

அதற்கு முந்தின வருஷம், 2018 மார்ச் 9-ம் தேதியே உச்ச நீதிமன்றம் இதற்கு வழி சொல்லியிருந்தது. காமன் காஸ் என்ற அமைப்பு போட்ட வழக்கு அது. மானத்தோடு சாவதும் வாழும் உரிமையில் சேர்ந்ததுதான் என்று ஐந்து நீதிபதிகள் தீர்ப்புச் சொன்னார்கள். இனி தேற முடியாத நிலை வந்தால் என்னென்ன சிகிச்சை வேண்டாம் என்பதை, நல்ல நினைவோடு இருக்கும்போதே எழுதி வைக்கலாம். லிவிங் வில் என்று பேர். முதலில் மாஜிஸ்திரேட் கையெழுத்தும் வேண்டும் என்று இருந்ததால் ஜனங்களுக்குச் சிரமமாக இருந்தது. 2023 ஜனவரியில் அதைத் தளர்த்தி, இரண்டு சாட்சிகளும் நோட்டரி அல்லது கெஜட்டட் அதிகாரியின் சான்றும் போதும் என்று ஆக்கினார்கள்.

இதைச் சொன்னதும் ஒரு நண்பர் முகத்துக்கு நேராகக் கேட்டார்: "சார், இது நம்ம ஊர்த் தலைக்கூத்தல் மாதிரியில்ல இருக்கு?" நியாயமான கேள்வி. படுத்த படுக்கையான பெரியவர்களுக்கு விடியற்காலையில் எண்ணெய் தேய்த்துக் குளிப்பாட்டி, இளநீரைக் கொடுத்து முடித்துவிடும் கொடுமை நம் மாவட்டத்தில் நடந்ததாக 2010-ல் பேப்பரில் எல்லாம் வந்தது. 'கே.டி. என்கிற கருப்புதுரை' படம் பார்த்தவர்களுக்குத் தெரியும். அங்கே படுத்திருப்பவரைக் கேட்காமல் முடிக்கிறார்கள். ஆஸ்பத்திரியில் எங்கள் அம்மாவைக் கேட்காமல் பதினேழு நாள் இழுத்தோம். இரண்டு இடத்திலும் படுத்திருப்பவர் வார்த்தைக்கு மதிப்பில்லை. இந்தத் தாளில் அவர் வார்த்தைதான் முதலில் நிற்கிறது.

பிள்ளைகள் நினைத்த மாத்திரத்தில் இதை வைத்துக்கொண்டு எதுவும் செய்துவிடவும் முடியாது. சிகிச்சை பார்க்கும் டாக்டரும் இரண்டு நிபுணர்களும் சேர்ந்து, தேற வழியில்லை என்று சொல்ல வேண்டும். பிறகு மாவட்ட மருத்துவ அதிகாரி நியமிக்கும் டாக்டரோடு வேறு இரண்டு நிபுணர்கள் பார்த்து ஒத்துக்கொள்ள வேண்டும். மாஜிஸ்திரேட்டுக்கும் தகவல் போக வேண்டும். ஊசி போட்டுக் கொல்வது இதில் கிடையாது, அது இன்றும் குற்றம்தான். வலிக்கு மருந்து, சுத்தம், கவனிப்பு எதுவும் நிற்காது. நமக்கு நினைவு இருக்கிற வரை நம் வாய்ச்சொல்தான் செல்லும். மனசு மாறினால் எப்போது வேண்டுமானாலும் எழுத்தில் ரத்து செய்யலாம்.

வீட்டில் எளிதாக முடிந்துவிடவில்லை. மனைவி இரண்டு நாள் பேசவில்லை. மகன் போனில் கேட்ட கேள்வி என்னைச் சுட்டுவிட்டது. "எங்களுக்குச் செலவு வைக்கக் கூடாதுன்னு இப்படிச் செய்யறீங்களாப்பா?"

"செலவைப் பத்தி யோசிக்கலைன்னு பொய் சொல்ல மாட்டேன்யா. ஆனா அன்னைக்கு மதுரையில நாங்க நாலு பேரும் நின்ன மாதிரி நீயும் உங்க அக்காவும் நிக்கக் கூடாது. முடிவு என்னோடது. நீங்க அதை எடுத்துச் சொன்னாப் போதும்" என்றேன். வெகுநேரம் சத்தமில்லை. பிறகு, "என்னால அதைச் சொல்ல முடியாதுப்பா. அக்கா பேரைப் போடுங்க" என்றான். அதில் எனக்கு வருத்தமில்லை. யாரால் முடியும், யாரால் முடியாது என்று இப்போதே தெரிந்தது நல்லதுதான்.

விபத்தோ, தேறக்கூடிய வியாதியோ வந்தால் எல்லா வைத்தியமும் பாருங்கள் என்றுதான் முதல் வரி எழுதியிருக்கிறேன். தேற வழியே இல்லை என்றால் வென்டிலேட்டர், டயாலிசிஸ், நின்றுபோன நெஞ்சை அமுக்கி எழுப்புவது, மூன்றும் வேண்டாம். தமிழிலேயே, என் கையெழுத்திலேயே எழுதினேன். ஒரு நகல் மகளிடம், ஒன்று வழக்கமாகப் பார்க்கும் டாக்டரிடம் இருக்கிறது. உள்ளாட்சி அதிகாரியிடமும் ஒரு நகல் கொடுத்து வைக்க வேண்டும் என்று 2023 உத்தரவு சொல்கிறது. அடுத்த வாரம் அதையும் கொடுத்துவிடுவேன்.

எழுதி முடித்ததைப் படித்துப் பார்த்த மகள், "கடைசியில வீட்டுக்குக் கொண்டு வந்து வாயில பால் ஊத்தணும்னும் எழுதுங்கப்பா" என்றாள். எழுதினேன். சட்டத்துக்கு அந்த வரி தேவையில்லை. எங்களுக்குத் தேவை.

உங்கள் வீட்டுப் பெரியவர்கள் இப்படி ஏதாவது பேச்செடுத்தால் வாயை அடைக்காதீர்கள். பக்கத்தில் உட்கார்ந்து முழுசாகக் கேளுங்கள். முடிந்தால் ஒரு தாளில் எழுதி வாங்கிக்கொள்ளுங்கள்.