ஹௌரா தாதா, மும்பை தாதா

ஹௌரா ரயில் நிலையத்தில் கால் வைத்ததுமே உங்களை நாலு பேர் 'தாதா' என்று கூப்பிடுவார்கள். தமிழ்நாட்டிலிருந்து போகிறவருக்குத் தூக்கிவாரிப் போடும். நம் பத்திரிகைகளில் தாதா என்றால் அரிவாளும் ஆட்களுமாகத் திரியும் பேர்வழி. வங்காளத்தில் அது வெறும் 'அண்ணா'. டாக்ஸி டிரைவர், மீன்காரர், பஸ் கண்டக்டர் எல்லோருமே தாதாதான். பெயரோடு ஒட்டும்போது 'தா' மட்டும் மிஞ்சும். சத்யஜித் ராய் படைத்த துப்பறியும் ஃபெலு, ஒன்றுவிட்ட தம்பிக்கு 'ஃபெலுதா'. சௌரவ் கங்குலிக்கு ரசிகர்கள் வைத்த பெயரே தாதா. ஆனால் அதே வங்காளத்தின் முஸ்லிம் வீடுகளில் தாதா என்றால் அப்பாவைப் பெற்றவர்.

இந்தச் சொல்லோடு பயணம் செய்ய ஏற்ற வண்டி கீதாஞ்சலி எக்ஸ்பிரஸ். ஹௌராவிலிருந்து மும்பைக்குச் சுமார் 1,970 கி.மீ. எல்லோருக்கும் ஒரே வகுப்பு என்ற கொள்கையோடு 1977-ல் விடப்பட்டது. இப்போது ஏ.சி. பெட்டிகளும் உண்டு.

என் பெட்டியில் ஒரு வங்காள இளைஞர், "டாடாநகரில் என் தாதா ஏறுகிறார்" என்று இந்தியில் சொன்னார். எதிரே இருந்த ராய்ப்பூர் அம்மாள் உடனே கீழ் பர்த்திலிருந்த தன் மூட்டைகளை ஒதுக்கி இடம் செய்தார். இந்தியில் தாதா என்றால் தாத்தா ஆயிற்றே! டாடாநகரில் ஏறியவருக்கு முப்பது வயதுகூட இராது. பெட்டியே சிரித்தது. அம்மாள் அசரவில்லை. "உனக்கு மூத்தவர்தானே பேட்டா, உட்காரட்டும்" என்றார்.

காலையில் நாகபுரி. மகாராஷ்டிரத்தில் தாதா மறுபடியும் அண்ணன். 1913-ல் 'ராஜா ஹரிச்சந்திரா' எடுத்த துண்டிராஜ் கோவிந்த் பால்கேவை 'தாதாசாகேப்' ஆக்கியது அந்த மரியாதைதான். மும்பையை நெருங்கினால் அதே சொல்லுக்கு இன்னொரு முகம். பேட்டையை மிரட்டி மாமூல் வசூலிப்பவரும் தாதா; அவர் செய்வது தாதாகிரி. நம்மிடம் வந்து சேர்ந்தது இந்த தாதா மட்டுமே.

அடியாளுக்கு எதற்கு அண்ணன் பட்டம்? பயந்தவன் வாயில் முதலில் வருவது மரியாதைச் சொல்தான். ஹௌராவில் அதைக் கூப்பிடுகிறவர் தானாகத் தருகிறார். மும்பைப் பேட்டையில் அது மிரட்டி வாங்கப்படுகிறது. இதில் நாம் மட்டும் என்ன ஒழுங்கு? தெருமுனைச் சுவரொட்டியில் முறைக்கும் 'அண்ணன்' எத்தனை பேருடன் பிறந்தவர்?

இரவு மும்பையில் இறங்கியதும் அந்தத் தம்பி, கூட்டத்துக்கு நடுவே 'தாதா!' என்று உரக்கக் கத்தினார். முன்னால் போன இருவர் திரும்பிப் பார்த்துச் சட்டென்று ஒதுங்கினார்கள். தாதாவோ பெட்டியைத் தூக்க முடியாமல் மூச்சு வாங்கப் பின்னால் வந்துகொண்டிருந்தார்.