சீட்டில் இருந்த வெள்ளைக்காரன் பேரு

கம்பத்தில் ஓ.பி. பார்த்த காலத்தில் ஒருநாள் சீட்டில் இருந்த பெயரைப் பார்த்துச் சிரித்துவிட்டேன். காய்ச்சலோடு வந்த நாலு வயசுப் பையன். பேரு பென்னிகுவிக்.

"ஏங்க, இந்தப் பேரை எப்படிக் கூப்பிடுவீங்க?"ன்னு கேட்டேன். கூடலூரில் இரண்டு போகம் நெல் போடுற அப்பா. சிரிக்கவே இல்லை. "அவரு இல்லைன்னா எங்க பாட்டன் பஞ்சம் பொழைக்கப் போயிருப்பாரு சார்" என்றார்.

தெரியாதவங்களுக்கு: முல்லைப் பெரியாறு அணையைக் கட்டிய ஆங்கிலேய ராணுவப் பொறியாளர் அவர். 1887 முதல் 1895 வரை வேலை. மேற்கே ஓடின தண்ணீரை மலையைக் குடைந்து கிழக்கே திருப்பினார்கள். மலேரியாவில் எத்தனையோ கூலிகள் செத்தார்கள். கொசுவுக்குள் மலேரியா கிருமி இருப்பதை ரொனால்ட் ராஸ் கண்டுபிடித்ததே 1897-ல்தான். (மலைக்கு அந்தப் பக்கம் இடுக்கியில் அதே அணை என்றால் பயம். அது தனிக்கதை.)

வெளிநாட்டு மக்களிடம் நல்ல பேர் வாங்க எல்லா நாடும் செலவு பண்ணுது. பிரிட்டன் 1934-லேயே பிரிட்டிஷ் கவுன்சில் தொடங்கியது. 2021 ஜனவரியில் நாமும் பூட்டானுக்கும் மாலத்தீவுக்கும் தடுப்பூசி அனுப்பினோம். நல்ல காரியம்தான், கூடவே போட்டோவும் உண்டு.

இங்கே யாரும் விளம்பரம் பண்ணலை. அவர் பிறந்த ஜனவரி 15-ல் பொங்கல் வைக்கிறாங்க. லோயர் கேம்பில் மணிமண்டபம், தேனி பஸ் ஸ்டாண்டுக்கு அவர் பேரு. வாய்க்காலில் தண்ணீர் வரும்போதெல்லாம் அவர் ஞாபகம் வந்துடும்.

ஆனா அந்த நல்ல பேரு பிரிட்டனுக்குப் போய்ச் சேர்ந்துச்சா? எனக்கு அப்படித் தோணலை. தேனியிலிருந்து உசிலம்பட்டிப் பக்கம் போனா பெருங்காமநல்லூர். 1920 ஏப்ரல் 3-ல் குற்றப்பரம்பரைச் சட்டத்தை எதிர்த்த மக்களை அதே வெள்ளைக்கார அரசின் போலீஸ் சுட்டது. 16 பேர் இறந்தார்கள். இரண்டு பக்கமும் கொண்டான் கொடுத்தான் உறவு. அவருக்குப் பொங்கல் வைக்கிற வீட்டிலேயே இந்தத் தியாகிகளுக்கும் அஞ்சலி செலுத்துறாங்க. யார் தண்ணி தந்தது, யார் சுட்டதுன்னு எங்க சனத்துக்குக் குழப்பமே இல்லை. நன்றி அந்த மனுஷனுக்கு மட்டும்தான்.

2022 செப்டம்பரில் தமிழ்நாடு அரசு அவர் வாழ்ந்த கேம்பர்லியில் சிலை வைத்தது. அவர் யாருன்னு அவர் ஊர்க்காரங்களுக்கு நாம போய்ச் சொல்ல வேண்டியிருந்தது பாருங்க!

பையனுக்கு வந்தது டெங்கு. அஞ்சாம் நாள் இட்லி கேட்டான், அனுப்பிவிட்டோம்.