சாலையோரக் குழாய்கள்

காட்டுமன்னார்கோயிலுக்கு அருகிலுள்ள எங்கள் ஊரிலிருந்து முதன்முதலாகச் சென்னைக்குப் பேருந்தில் வந்தபோது எனக்கு ஏழு வயது. வழிநெடுகக் கிடந்த பெரிய சிமெண்டுக் குழாய்களை எண்ணிக்கொண்டே வந்தேன். சிலவற்றின் வாயில் சாக்குப் படுதா தொங்கியது. உள்ளே அடுப்புப் புகைந்தது. "அது என்னப்பா?" என்றேன். "மெட்ராசுக்குத் தண்ணி" என்றார் அப்பா.

1960களின் இறுதியில் தொடங்கிப் பாதியில் நின்ற வீராணம் திட்டத்தின் மிச்சங்கள் அவை. புதிதாகக் குழாய் பதித்து நீர் கொண்டுபோனது 2004இல்தான். இடையில் கிருஷ்ணா ஒப்பந்தம் வந்தது, 1983இல். மகாராட்டிரம், கர்நாடகம், ஆந்திரம் ஆளுக்கு 5 டி.எம்.சி. தரவேண்டும், வழியிழப்பு போகச் சென்னைக்கு 12 என்பது கணக்கு. முதல் நீர் பூண்டியை எட்டியது 1996இல். பெரும்பாலான ஆண்டுகளில் அந்தக் கணக்கு நிறைவேறவில்லை. நீண்டகாலத் திட்டம் என்ற சொல்லைக் கேட்கும்போதெல்லாம் எனக்கு அந்தச் சாக்குப் படுதாதான் நினைவுக்கு வருகிறது.

பத்தாம் நூற்றாண்டில் முதலாம் பராந்தகன் வெட்டிய ஏரி வீராணம். வகுப்பில் சோழர் பெருமை பேசுவது எனக்கும் வழக்கந்தான் (மாணவர்கள் மன்னிக்க). ஆனால் அந்த ஏரி இத்தனைக் காலம் நின்றது மன்னனால் மட்டும் அன்று. மடை காத்து, வண்டல் வாரி, கரையை உயர்த்திய பெயரற்றவர்களாலும்தான். நம் திட்ட அறிக்கைகளில் குழாயின் விட்டம் இருக்கும்; வண்டல் வாரும் கை இருக்காது. வெள்ளத்துக்கு ஒரு கோப்பு, வறட்சிக்கு வேறொரு கோப்பு. 2015 டிசம்பரில் மூழ்கிய அதே சென்னையில், 2019 கோடையில் நான்கு ஏரிகளும் வறண்டு, ஜோலார்பேட்டையிலிருந்து ரயிலில் தண்ணீர் வந்தது.

அந்தக் கோடையில் என் வீட்டுக் குழாயில் ஒருநாள் விட்டு ஒருநாள் நீர் வந்தது, வீராணத்து நீர். ஊரிலிருந்து அப்பா தொலைபேசினார். நாற்றங்காலுக்குத் தண்ணீர் கேட்டால், சென்னைக்கே போதாது என்கிறார்களாம். குரலில் கோபமில்லை.

"உனக்கு வருதாப்பா?"

"வருதுப்பா."

"சரி, புள்ளைங்களுக்காச்சும் ஆகட்டும்."

சம்பளம் வாங்கி நகரத்தில் வீடு கட்டிய மகன் நான். அந்த நாற்பதாயிரம் ஏக்கருக்கும் மேற்பட்ட பாசனப் பரப்பில் எங்கள் இரண்டு ஏக்கரும் உண்டு. அன்று குளிக்கத் திறந்த குழாயைப் பாதி வாளியில் அடைத்தேன். அதனால் ஏரியில் ஒரு சொட்டும் மிஞ்சாது என்று தெரிந்தேதான்.