யானை போட்ட மாலை

உத்திரமேரூர்

அன்புள்ள பாப்பா,

டிக்கன்ஸின் ‘பிளீக் ஹவுஸ்’ படித்தாயாம். தலைமுறை தலைமுறையாக இழுக்கும் அந்த லண்டன் வழக்கு நம் வரப்புத் தகராறை ஞாபகப்படுத்தியதாம். உன் கடிதத்தைச் சித்தியிடம் வாசித்துக் காட்டினேன், விழுந்து விழுந்து சிரித்தாள். “அந்தக் காலத்தில் தமிழில் இப்படி ஒன்றும் வரவில்லையா சித்தப்பா?” என்று கேட்டிருந்தாய். வந்தது. எழுதியவரும் கோர்ட்டில் உட்கார்ந்தவர்தான்.

மாயூரத்தில் முன்சீபாக இருந்த வேதநாயகம் பிள்ளை. 1826-ல் திருச்சிப் பக்கம் குளத்தூரில் பிறந்தவர். தமிழில் வசன நூல்கள் போதவில்லை என்ற குறை அவருக்கு. 1879-ல் ‘பிரதாப முதலியார் சரித்திரம்’ அச்சில் வந்தது. தமிழின் முதல் நாவல் என்று அதைத்தான் சொல்கிறோம்.

காலேஜில் படித்தபோது எனக்கு அது பிடிக்கவே இல்லை. கதை நாலடி நடக்கும், உட்கார்ந்து நீதி சொல்லும், ஒரு கிளைக்கதைக்குள் நுழைந்துவிடும். பரீட்சைக்கு வேண்டிய பக்கங்களைப் புரட்டிவிட்டுத் தூக்கிப் போட்டேன்.

போன வருஷம் சித்திக்குக் கண் ஆபரேஷன் ஆகி டிவி பார்க்கக் கூடாது என்றுவிட்டார்கள். சாயங்காலம் திண்ணையில் உட்கார்ந்து இதையே அவளுக்கு உரக்கப் படித்தேன். மூன்றாம் நாள் பக்கத்து வீட்டுப் பெண்களும் பூத்தொடுக்க இங்கேயே வந்துவிட்டார்கள். கண்ணால் படித்தபோது இடறின கிளைக்கதைகள் எல்லாம் காதால் கேட்டபோது பாட்டி சொல்லும் கதை மாதிரி ஓடின. அவர் வாய்க்காக எழுதியிருக்கிறார்; நான்தான் பரீட்சைக்காகப் படித்திருக்கிறேன்.

புருஷன் பிரதாப முதலியாரைத் தேடி ஆண்வேஷத்தில் போகிறாள் ஞானாம்பாள். ராஜா இல்லாத விக்கிரமபுரியில் பட்டத்து யானை அவள் கழுத்தில் மாலையைப் போட்டுவிடுகிறது. நாட்டை ஆள்கிறாள், நன்றாகவே ஆள்கிறாள். அங்கே சித்தி நிறுத்தச் சொன்னாள். “நம்ம ஊர்க் குடத்துல பொம்பளை பேரு எழுதிப் போட்டாங்களா?”

ஊர்ச்சபைக்கு ஆள் தேர்ந்தெடுக்கும் விதிகளைச் சொல்லும் நம் வைகுண்டப் பெருமாள் கோயில் கல்வெட்டை எத்தனை விருந்தாளிகளுக்குப் பெருமையாகக் காட்டியிருப்பேன்! பராந்தக சோழன் காலம், 919, 921, முப்பது குடும்பு, கால் வேலிக்கு மேல் வரி கட்டும் நிலமும் சொந்த மனையில் வீடும் வேண்டும், வயது 35-லிருந்து 70, ஓலையில் பேர் எழுதிக் குடத்தில் போட்டு ஒரு சின்னப் பையனை விட்டு எடுப்பது. எல்லாம் ஒப்பிப்பேன். பெண்ணுக்கு அதில் இடமில்லை என்பதை ஒரு தடவைகூட நானாக யோசித்ததில்லை. இத்தனைக்கும் அந்த யானைக்குக்கூட அவள் பெண் என்று தெரியாது.

இன்னொரு இடம். தமிழ்நாட்டுக் கோர்ட்டில் வக்கீல்கள் இங்கிலீஷில் வாதாடுவதைப் பிடிபிடியென்று பிடிக்கிறார் பிள்ளை. கோர்ட் தீர்ப்புகளைத் தமிழாக்கிப் புத்தகமே போட்ட மனுஷர். படித்துக்கொண்டே வந்தவனுக்குத் தொண்டை அடைத்துக்கொண்டது. நம் வரப்பு வழக்கின் தீர்ப்பு இங்கிலீஷில்தான் கைக்கு வந்தது. ஜெயித்தோமா தோற்றோமா என்று தெரிந்துகொள்ள உன் அப்பாவும் நானும் ஒருவருக்கு ஐம்பது ரூபாய் கொடுத்தோம், பாதிதான் புரிந்தது.

புத்தகம் தபாலில் வருகிறது. பொடி எழுத்து. வாய்விட்டுப் படி, மாப்பிள்ளையும் கேட்கட்டும்.

அந்த லண்டன் வழக்கில் கடைசியில் சொத்து யாருக்குப் போச்சு என்று சித்தி தினம் கேட்கிறாள். மறக்காமல் எழுது.

அன்புடன்,
சித்தப்பா