பொம்மைக்கு ஒரு சினிமா

மகள் வீட்டுக்கு அமெரிக்கா போயிருந்தபோது, கலிபோர்னியாவில் அனஹைம் ஊரிலுள்ள டிஸ்னிலாந்துக்குப் போனோம். 1967-ல் அங்கே ஆரம்பித்த கடற்கொள்ளையர் படகுச் சவாரிதான் 2003-ல் சினிமாவாகிச் சக்கைப்போடு போட்டதாம்!

"அப்போ பொம்மை சவாரியையும் படமா எடுக்கலாமே பாட்டி" என்றாள் ஏழு வயதுப் பேத்தி.

அது 1964 நியூயார்க் உலகக் கண்காட்சிக்காகச் செய்து, 1966-ல் இங்கே கொண்டுவந்த சவாரி. படகில் உட்கார்ந்தால் இருபுறமும் நாடு நாடாகக் குழந்தைப் பொம்மைகள் ஆடிப் பாடும். (ஒரே பாட்டுதான். இரண்டு நாள் காதை விட்டுப் போகவில்லை!)

"கதை என்னடி?"

"நம்ம ஊர்ப் பொம்மை ராத்திரி படகேறி அதோட பாட்டியைத் தேடிப் போகுது."

"பாட்டி எங்கே?"

"திருச்சியில."

அடுத்த வாரம் எனக்கு ஊருக்கு டிக்கெட். அவள் கையைப் பிடித்துக்கொண்டு இன்னொரு தடவை வரிசையில் போய் நின்றேன்.