மரங்கள் கட்டிய இசையரங்கு

ஃபுளோரிடா தட்டையான மாநிலம். அதன் நடுவே, லேக் வேல்ஸ் ஊருக்கு அருகில், கடல்மட்டத்திலிருந்து 298 அடி உயரத்தில் ஒரு மணல்மேடு இருக்கிறது. 'அயர்ன் மவுண்டன்' என்று பெயர் வைத்து அதை மலையாகவே ஆக்கிவிட்டார்கள்; நம் பக்கத்தில் கரடு என்று சொல்லக்கூடத் தயங்குவோம். உச்சியில், இளஞ்சிவப்பும் சாம்பலுமான ஜார்ஜியா சலவைக்கல்லும் ஃபுளோரிடாவின் கிளிஞ்சல் கல்லும் சேர்த்து எழுப்பிய 205 அடிக் கோபுரம். அதற்குள் 60 மணிகள். சுற்றிலும் போக் டவர் தோட்டம். வருபவர்கள் கோபுரத்தைத்தான் படமெடுக்கிறார்கள். தோட்டம் அதற்கொரு பின்னணி என்று எடுத்துக்கொள்கிறார்கள். அந்த வரிசை தலைகீழ் என்பது என் கட்சி. அங்கே நிற்பது ஓர் இசைக்கருவி. கருவிக்கு அரங்கு வேண்டும். அரங்கைக் கட்டியவர்களும் இன்றுவரை கட்டி முடிக்காதவர்களும் தோட்ட வேலைக்காரர்கள்தான்.

நடந்த கிரமமே இதற்கு முதல் சாட்சி. நெதர்லாந்தில் 1863இல் பிறந்து, சிறுவனாக அமெரிக்கா வந்து, 'லேடீஸ் ஹோம் ஜர்னல்' இதழை முப்பது ஆண்டு நடத்திய எட்வர்ட் போக், இந்த மேட்டை முதலில் பறவைகளுக்கும் மரங்களுக்குமான சரணாலயமாகத்தான் எண்ணினார். நிலத்தை வடிவமைக்க ஃபிரெடரிக் லா ஓம்ஸ்டெட் இளையவரை அழைத்தார். தொடக்க காலத்தில் கண்ணுக்குத் தெரியும்படி அங்கே பெரிதாக எதுவும் நடக்கவில்லை. பள்ளம் தோண்டினார்கள், தண்ணீர்க் குழாய் புதைத்தார்கள், வெளியிலிருந்து கரிய மண்ணை லாரி லாரியாகக் கொண்டுவந்து கொட்டினார்கள். ஊற்றிய நீரை மறுகணமே கீழே விட்டுவிடும் மணலில் வேறு வழியில்லை. அதன் பிறகுதான் ஆயிரம் ஓக் மரங்களும் பத்தாயிரம் அசேலியாச் செடிகளும் மக்னோலியாக்களும் வந்தன. மில்டன் மெடரி வரைந்த கோபுரத்தின் வேலை தொடங்கியது 1927இல். 1929 பிப்ரவரி 1 அன்று குடியரசுத் தலைவர் கூலிட்ஜ் வந்து திறந்துவைத்தபோது, குழாய்க்குழி வெட்டியவர்களின் உழைப்புக்குச் சில வயது ஆகியிருந்தது.

ஒலியியல் தெரிந்தவர் இங்கே குறுக்கிடுவார். இலையும் கிளையும் ஒலியை அவ்வளவாகத் தடுப்பதில்லை, மரவேலி போட்டால் லாரிச் சத்தம் நின்றுவிடாது, பிறகு எப்படி மரங்களை அரங்கு என்பது? நியாயமான கேள்வி. ஆனால் என் வாதம் இலை ஒலியை உறிஞ்சும் என்பதன் மேல் நிற்கவில்லை. தோட்டம் செய்யும் முதல் காரியம், சாலையையும் வீட்டையும் மேட்டிலிருந்து தள்ளி வைப்பது. இரண்டாவது, கேட்பவரைச் சரியான தூரத்தில் நிறுத்துவது. கோபுரத்தின் காலடியில் நின்றால் இசை தலைக்கு மேலே போய்விடும். சற்று எட்டிப் போனால்தான் மேலிருந்து வரும் சுரங்கள் ஒன்றோடொன்று கலந்து காதுக்கு வரும். மூன்றாவது மிக எளிமையானது: நிழல். ஃபுளோரிடாவின் மதிய வெயிலில், மொட்டை மணலில், அரைமணி நேரம் அசையாமல் உட்கார்ந்து எவரும் எதையும் கேட்கப் போவதில்லை. ஓக் மரத்தடி கிடைத்தால் உட்காருவார்கள். சபை கூடுவதே தோட்டக்காரர் கையில் இருக்கிறது.

மணிகளைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் தூரத்தின் தேவை அங்கேதான் புரியும். இவை இங்கிலாந்தின் லஃப்பரோ ஊரில் ஜான் டெய்லர் வார்ப்புக் கூடத்தில் செய்தவை. சிறியது 16 பவுண்டு, பெரியது ஏறக்குறைய 12 டன். செம்பில் ஐந்தில் ஒரு பங்கு போல வெள்ளீயம் கலந்து, வேண்டியதைவிடச் சற்றுத் தடிப்பாக வார்ப்பார்கள். ஆறியதும் வாய் மேல்நோக்கி இருக்கும்படி கடைசல் இயந்திரத்தில் பூட்டிச் சுழற்றி, உட்புறத்தைச் சீவுவார்கள். ஒரு மணி ஒரே சுரத்தைத் தருவதில்லை. ஸட்ஜம், அதன் மேல் ஸட்ஜம், கீழே மந்தர ஸட்ஜம், நடுவில் பஞ்சமம், கூடவே சாதாரண காந்தாரம் என்று குறைந்தது ஐந்து ஒலிகள் சேர்ந்தே எழும். எந்த உயரத்தில் சீவுகிறோமோ அதற்கேற்ப இவற்றில் ஒன்று அதிகமாகவும் மற்றது குறைவாகவும் இறங்கும். ஐந்தையும் ஒழுங்குக்குக் கொண்டுவரும் முறையை டெய்லர் கூடம் 1896இல் கைவரப்பெற்றது. சீவிய உலோகத்தைத் திரும்ப ஒட்ட முடியாது; ஒரு சுற்று கூடிப்போனால் மணியை உருக்குவதைத் தவிர வழியில்லை. சரியாக அமைந்துவிட்டால் பல தலைமுறைக்குச் சுருதி அசையாது. அந்தச் சாதாரண காந்தாரம் மட்டும் எப்போதும் கூடவே வரும். அந்தர காந்தாரம் மிகுந்த மகிழ்ச்சியான மெட்டை வாசித்தால் இரண்டும் உரசும். மணியிசை எல்லாமே லேசாக வருத்தம் தோய்ந்து கேட்பதற்குப் பெருமளவு காரணம் இதுதான். கேட்பவரின் மனநிலை என்று நாம் கவிதை பண்ண வேண்டியதில்லை.

மணிகள் ஆடுவதில்லை. கோயில் மணியைப் போல நாவு கட்டிய கயிற்றை நேராக இழுப்பதும் இல்லை. மணிகள் அசையாமல் தொங்க, உள்ளே இருக்கும் நாவுகள் மட்டும் கம்பிகளால் கீழே ஒரு மரப் பலகையோடு இணைந்திருக்கும். அந்தப் பலகையில் வரிசையாக நீட்டிய மரக்குச்சிகளைக் கலைஞர் மூடிய முட்டியால் தட்டுவார். கனத்த மணிகளைக் காலால் மிதிப்பார். முட்டியின் வேகம் அப்படியே நாவின் வேகமாகிறது. வெயில் ஏறினால் கம்பி நீளும், குளிர்ந்தால் சுருங்கும். ஆகவே வாசிக்கும் முன் கம்பிகளைச் சரிபார்த்து முறுக்குவதும் கலைஞரின் வேலைதான். அடித்த மணியை அடக்க முடியாது. பெரிய மணி தன் இஷ்டத்துக்கு ஒலித்துக்கொண்டே இருக்கும். அதனால் ஆர்கனுக்கோ பியானோவுக்கோ எழுதியதை அப்படியே வாசிக்க இயலாது, எடுத்துத் திருத்தி எழுத வேண்டும். பெல்ஜியத்திலிருந்து வந்த அன்டன் பிரீஸ் திறப்பு விழாவிலேயே வாசித்து, ஏறக்குறைய நாற்பது ஆண்டு அங்கே இருந்தார். 1968 முதல் 2004 வரை மில்ஃபோர்ட் மைர். முக்கால் நூற்றாண்டுக்கு இரண்டே பேர்! தோட்டத்தில் ஓர் ஓக் மரத்தின் வளர்ச்சியை ஒரே மனிதர் பணிக்காலம் முழுக்கப் பார்ப்பது போலத்தான் இவர்கள் அந்த 60 மணிகளோடு பழகியிருக்கிறார்கள்.

இத்தனை சிரமம் எதற்கு, இயந்திரம் வாசிக்காதா என்று கேட்கலாம். வாசிக்கும். பெல்ஜியத்திலும் நெதர்லாந்திலும் முள் பதித்த உருளை சுழன்று மணியடிப்பது பல நூற்றாண்டுப் பழக்கம். மணி நேரம் அறிவிக்க அது போதும். லேக் வேல்ஸிலும் கலைஞர் இல்லாத நாளில் பதிவு ஒலிப்பதுண்டு. அதை நான் குறையாகச் சொல்லவில்லை. ஆனால் இயந்திரச் சுத்தி ஒரே பலத்தில் விழுகிறது. காற்று திசை மாறியதை அது அறியாது, கீழ்மணியின் முழக்கம் தணியும்வரை மேல்மணியைக் கால்நொடி தாமதப்படுத்தவும் தெரியாது. சொட்டுநீர்க் குழாயைத் திறந்துவிட்டால் செடிக்குத் தண்ணீர் கிடைத்துவிடும், தோட்டக்காரர் எதற்கு என்று கேட்பவருக்குச் சொல்லும் பதிலே இதற்கும் பதில்.

இதைவிடக் கூர்மையான மறுப்பு ஒன்று சூழலியல் பக்கத்திலிருந்து வரும். ஓம்ஸ்டெட் செய்தது அலங்காரம். நீண்ட ஊசியிலைப் பைனும் குட்டை ஓக்கும் புல்லும் இருந்த மணல்மேட்டில் கரிமண் கொட்டி வேறொரு காட்டை நட்டார். ஆம், நட்டார்தான். இந்த மேட்டுத்தொடர், கடல் உயர்ந்திருந்த பழங்காலத்தில் தீவுகளாக நின்ற நிலம். வேறெங்கும் இல்லாத செடிகள் இதில் உண்டு. ஆரஞ்சுத் தோப்பும் குடியிருப்பும் அதன் பெரும்பகுதியைத் தின்றுவிட்டன. அந்தக் கணக்கில் தோட்டத்துக்கும் ஒரு சிறு பங்கு உண்டு என்பதை மறுக்க மாட்டேன். ஆனால் கணக்கு அங்கே முடியவில்லை. நம்மூர் இலந்தையின் குடும்பத்தைச் சேர்ந்த ஃபுளோரிடா இலந்தை, 1948இல் சேகரித்த ஓர் உலர்மாதிரியை வைத்து 1984இல்தான் தனி இனம் என்று விவரிக்கப்பட்டது. அப்போதே அழிந்துவிட்டதாக எண்ணினார்கள். 1987இல் உயிரோடு கண்டார்கள். எஞ்சிய புதர்க்கூட்டங்கள் பலவும் ஒரே செடியின் வேர்க்கன்றுகள். தமக்குள் மகரந்தம் சேர்ந்தால் காய்க்காது. வெவ்வேறு இடத்துச் செடிகளைக் கொண்டுவந்து அருகருகே வளர்த்து, ஒத்துப்போகும் இணைகளிலிருந்து விதை எடுத்து, முளைக்க வைத்துக் காட்டுக்குத் திருப்பும் முயற்சியில் இந்தத் தோட்டத்தின் பணியாளர்களுக்குப் பெரிய பங்குண்டு. அசேலியாவைப் பராமரிக்கும் இடத்தில்தான் இந்தக் கைப்பழக்கமும் கூடியது. அலங்காரத் தோட்டம் இல்லாவிட்டால் அந்த மேட்டின் சொந்தச் செடிக்கு நாற்றங்கால் கிடைத்திருக்குமா என்பது சந்தேகமே.

இது ஒரு பணக்காரர் தனக்கு எழுப்பிக்கொண்ட நினைவுச்சின்னம்தானே என்பார்கள். போக் 1930 ஜனவரியில் இறந்தார், கோபுரத்தின் அடியில்தான் அடக்கம். எனவே சொல்வதற்கு இடமிருக்கிறது. என் மனத்தாங்கல் வேறு. மெடரியை, சிற்பி லீ லாரியை, பித்தளைக் கதவு செய்த சாமுவேல் யெலினை எல்லாரும் பெயர் சொல்லி நினைக்கிறார்கள். குழி வெட்டியவர்களையும் ஓக் மரங்களை வண்டியிலிருந்து இறக்கியவர்களையும் அப்படி யாரும் சொல்வதில்லை. 1993இல் அமெரிக்க அரசு இதைத் தேசிய வரலாற்றுச் சின்னமாக அறிவித்தது. கல்லையும் நிலத்தையும் காக்க அது உதவும். கம்பி முறுக்கும் கையையும் ஒட்டுக்கட்டும் கையையும் அந்த அறிவிப்பு தொடுவதில்லை. பெல்ஜியம் வேறு வழியில் போனது. 2014இல் யுனெஸ்கோ பட்டியலில் அது ஏற்றியது மணிக்கோபுரத்தை அல்ல, மணியிசைப் பண்பாட்டைக் காக்கும் முறையை. மெகலன் நகரில் 1922இல் தொடங்கிய பள்ளி போன்ற பயிற்சிக்கூடங்களுக்கும் வாசிப்பவர்களுக்கும் அதில் இடமுண்டு. லேக் வேல்ஸும் அந்த வழியைப் பின்பற்றினால், கலைஞரின் பெயருக்கு அடுத்த வரியிலேயே தோட்டக்காரர்களின் பெயர்களையும் எழுத வேண்டியிருக்கும்.