பனிமூட்டம் குடிக்கும் பாலைவனம்

பாலைவனம் என்றதும் நம் வீடுகளில் எல்லோருடைய மனக்கண் முன்னும் வருவது அரபு மண்தான். ஹஜ்ஜுக்கும் உம்றாவுக்கும் போய் வந்தவர்கள் சொன்ன செய்திகள், றியாத்திலும் குவைத்திலும் உழைத்துத் திரும்பிய நம் பிள்ளைகள் கொண்டு வந்த படங்கள், பேரீச்சை மரம், ஒட்டகம், அனல் காற்று. இவ்வளவும் சேர்ந்ததே நமக்குப் பாலைவனம். ஆனால் கடலோடு ஒட்டிக் கிடக்கின்ற, விடியற்காலையில் நுவரெலியாவைப் போலக் குளிர்கின்ற இன்னொரு பாலைவனமும் உண்டு. ஆபிரிக்காவின் தென்மேற்குக் கரையிலே இருக்கும் அதன் பெயர் நமீப். உலகின் மிகப் பழைய பாலைவனங்களில் ஒன்று என்பார்கள். நமீபியா என்ற நாடு தன் பெயரையே அதிலிருந்துதான் எடுத்துக் கொண்டது.

1990 மார்ச் 21ஆம் திகதி தென்னாபிரிக்காவின் பிடியிலிருந்து விடுதலை பெற்ற நாடு அது. பரப்பளவில் நம் இலங்கையைப் போல் 12 மடங்கு பெரியது. சனத்தொகையோ 30 இலட்சம் அளவில்தான். நானும் என் துணைவியும் ஒரு சிறு சுற்றுலாக் குழுவோடு, வழிகாட்டி ஒருவரின் பொறுப்பில், அந்நாட்டைச் சுற்றி வந்தோம். மணல் மேட்டின் அழகையும் சிங்கத்தின் கம்பீரத்தையும் எழுத நிறையப் பேர் இருக்கிறார்கள். நான் உங்களிடம் சொல்ல வந்தது தண்ணீரைப் பற்றி. அங்கே எதைப் பார்த்தாலும், அது செடியானாலும் யானையானாலும் மனிதனின் கதையானாலும், எழுகின்ற கேள்வி ஒன்றுதான்: இதற்குத் தண்ணீர் எங்கிருந்து கிடைத்தது? யாருக்குக் கிடைக்காமல் போனது?

பயணம் தலைநகரான விண்ட்ஹூக்கில் தொடங்குகிறது. கடல் மட்டத்திலிருந்து 1600 மீற்றருக்கு மேல் உயர்ந்த, சுத்தமான, அமைதியான நகரம். பள்ளிவாசலும் உண்டு. அங்கே குழாயைத் திறந்து ஒரு கோப்பை தண்ணீர் குடிக்கிறீர்கள் என்று வையுங்கள். அதில் ஒரு பங்கு, அதே நகரத்து வீடுகளிலிருந்து கழிவாக ஓடிய நீர்தான்! முகத்தைச் சுளிக்க வேண்டாம். 1968ஆம் ஆண்டிலேயே கழிவுநீரைச் சுத்திகரித்து நேரடியாகக் குடிநீர்க் குழாயில் விட்ட உலகின் முதல் நகரம் அது. 2002இல் புதிய நிலையமும் கட்டினார்கள். நகரின் குடிநீரில் ஏறத்தாழ நான்கிலொரு பங்கு இப்படிக் கிடைக்கிறது. "அந்தத் தண்ணீரில் வுழூ செய்யலாமா, ஹஸரத்?" என்று ஊருக்கு வந்ததும் மாணவர்கள் முதலில் கேட்டது இதைத்தான். நிறம், சுவை, மணம் மூன்றிலும் அசுத்தத்தின் அடையாளம் எஞ்சாதபடி முறையாகச் சுத்திகரித்தால் அது சுத்தமான நீரே என்று சவூதியின் மூத்த உலமாக்கள் சபை 1978இல் தீர்ப்பு வழங்கியிருக்கிறது. நாங்கள் குடித்தோம், வுழூவும் செய்தோம்.

விண்ட்ஹூக்கிலிருந்து தென்மேற்கே ஐந்து மணி நேரம் கிரவல் பாதையில் குலுங்கிக் குலுங்கிப் போனால் செஸ்ரீம் என்ற இடம் வரும். அந்தப் பெயரில் ஒரு கதை இருக்கிறது. ஆபிரிக்கான்ஸ் மொழியில் ‘செஸ்’ என்றால் ஆறு, ‘ரீம்’ என்றால் தோல் வார். அங்கே ஓர் ஆழமான பாறைப் பிளவின் அடியில் மழைநீர் தேங்கி நிற்கும். மாட்டு வண்டியில் வந்த பழைய பிரயாணிகள் ஆறு தோல் வார்களை ஒன்றோடொன்று முடிந்துதான் வாளியை அந்த நீருக்கு இறக்க முடிந்ததாம். அந்த ஆறு முடிச்சே ஊர்ப் பெயராகி விட்டது. கிணற்றடியில் கயிறு போதாமல் நின்ற அனுபவம் உள்ள நம் பெரியம்மாமாருக்கு இது நன்றாக விளங்கும்.

செஸ்ரீமிலிருந்து அறுபது கிலோ மீற்றருக்கு மேல் உள்ளே போனால் சொசுஸ்ஃப்ளே. முந்நூறு மீற்றருக்கு மேல் உயர்ந்த செம்மணல் மேடுகள் இருபுறமும் நிற்கும். ‘சவுச்சாப்’ என்ற ஆறு கடலைத் தேடி வந்து, மணல் மறித்ததால் இங்கேயே முடிந்து போகிறது. பல வருடங்களுக்கு ஒரு தடவைதான் அதில் நீர் இவ்வளவு தூரம் வரும். பக்கத்திலே டெட்ஃப்ளே என்றொரு வெள்ளைக் களித்தரை. ஒரு காலத்தில் ஆற்று நீர் அங்கும் வந்திருக்கிறது. வேல மரங்கள் வளர்ந்திருக்கின்றன. பிறகு மணல் மேடு நகர்ந்து வழியை அடைத்து விட்டது. மரங்கள் செத்து 600 வருடங்களுக்கு மேலாகிறது என்கிறார்கள். ஆனால் விழவில்லை, உக்கவுமில்லை. உக்குவதற்கும் ஈரம் வேண்டுமே! வெயிலில் கருகிய கரிக்கட்டைகளாக இன்னும் நிற்கின்றன. எல்லோரும் படம் எடுத்துக் கொண்டிருக்க, என் துணைவி ஒரு மரத்தடியில் நின்று, "மையித்தை அடக்காம நிப்பாட்டி வெச்ச மாதிரி இருக்கு" என்றாள். அதற்குப் பிறகு எனக்கும் அந்த இடம் அழகாகத் தெரியவில்லை.

இங்கே ஒரு சிறு குறிப்பு. நம் நாட்டில் மேற்கே நோக்கித் தொழுது பழகிய நமக்கு நமீபியாவில் திசை குழம்பும். அங்கிருந்து கிப்லா வடக்கு. சற்றுக் கிழக்கே சாய வேண்டும். நடுப்பகலில் சூரியனும் வடக்குப் பக்கமாகவே நிற்கும். நிழல் தெற்கே விழும். திசைகாட்டி ஒன்றைக் கையில் வைத்துக் கொள்ளுங்கள். தயம்மும் பாடத்தில் ‘புழுதியுள்ள மண்’ என்று ஷாபிஈ நூல்கள் ஏன் அழுத்திச் சொல்கின்றன என்பதும் அங்கேதான் கண்ணால் விளங்கியது. மேட்டு மணலை அள்ளினால் களைந்து உலர்த்திய அரிசி போல விரலிடுக்கில் ஓடி விடுகிறது. கையில் ஒன்றும் ஒட்டுவதில்லை.

அடுத்தது கடற்கரை. இவ்வளவு பெரிய அத்திலாந்திக் சமுத்திரத்தின் பக்கத்தில் ஏன் பாலைவனம்? பெங்குவேலா என்னும் குளிர் நீரோட்டம் தெற்கிலிருந்து கரையோரமாக வருகிறது. அதன் மேலுள்ள குளிர்ந்த காற்று மேலெழுந்து மழையாவதில்லை. கரையோரத்தில் வருடம் முழுவதும் பெய்யும் மழை 20 மில்லி மீற்றருக்கும் குறைவு. கொழும்பில் ஒரு மணி நேரத்தில் கொட்டுவது அதைவிட அதிகம். ஆனால் அதே குளிர் நீரோட்டம்தான் பனிமூட்டத்தையும் உண்டாக்குகிறது. வருடத்தில் நூறு நாட்களுக்கு மேல் அந்தப் பனிமூட்டம் கடலிலிருந்து மணலுக்குள் தவழ்ந்து போகிறது. அதுதான் அங்குள்ள உயிர்களின் ஹவுழ்.

ஒரு கருவண்டு இருக்கிறது. பனிமூட்டம் வரும் விடியலில் அது மணல் மேட்டின் உச்சிக்கு ஏறி, தலையைக் கீழே தாழ்த்தி, பின்புறத்தை உயர்த்திக் காற்றுக்கு எதிராக நிற்கும். முதுகில் படியும் பனி துளியாகத் திரண்டு வழிந்து நேரே வாய்க்கு வரும். ‘வெல்விச்சியா’ என்றொரு செடியும் உண்டு. ஆயுள் முழுவதற்கும் இரண்டே இலைகள். அவை நீண்டு, கிழிந்து, குப்பை போல நிலத்தில் சுருண்டு கிடக்கும். ஆயிரம் வருடம் தாண்டிய செடிகளும் அதில் உண்டு. பார்ப்பதற்கு ஒன்றுமேயில்லை. எங்கள் குழுவில் சிலர் வாகனத்தை விட்டே இறங்கவில்லை. ஆனால் நமீபியா தன் அரச இலச்சினையில் பொறித்திருப்பது இந்தச் செடியைத்தான்.

கடற்கரையிலுள்ள சுவாகொப்முண்ட் நகரைக் கண்டால் ஐரோப்பாவுக்கு வந்து விட்டோமோ என்று தோன்றும். 1892இல் ஜேர்மனியர் உண்டாக்கிய துறைமுகம் அது. கூர்க்கூரை வீடுகள், கேக் கடைகள், ஜேர்மன் மொழிப் பெயர்ப்பலகைகள். நகரின் ஓரத்தில் அழகாகப் பராமரிக்கப்படும் மையவாடி ஒன்று இருக்கிறது. அதையடுத்து மணலில், பெயரில்லாத சிறு சிறு குவியல்கள் வரிசை வரிசையாகக் கிடக்கின்றன. எங்கள் நிகழ்ச்சி நிரலில் அந்த இடம் இருக்கவில்லை. வழிகாட்டி ஹெரேரோ இனத்தவர். "நேரம் இருந்தால் என் பாட்டன்மாரைக் காட்டுகிறேன்" என்று மெதுவாகச் சொல்லித்தான் அழைத்துப் போனார். அவர்கள் யாரென்று பிறகு சொல்கிறேன்.

வடக்கே போகும் பாதையில் ஹெரேரோப் பெண்களைக் காணலாம். கழுத்திலிருந்து கணுக்கால் வரை நீண்ட, உள்ளே பல பாவாடைகள் அடுக்கிய சட்டை. தலையில் மாட்டுக் கொம்பு போல இருபுறமும் நீட்டிக் கட்டிய துணி. பத்தொன்பதாம் நூற்றாண்டில் பாதிரிமாரின் மனைவியரைப் பார்த்து வந்த உடுப்பு அது. தலைக்கட்டு மட்டும் தங்கள் மாடுகளின் நினைவாக அவர்களே சேர்த்தது. அந்த வெயிலிலும் நிமிர்ந்து நடக்கிறார்கள். அதே மொழி பேசும் அவர்களுடைய உறவினரான ஹிம்பாக்கள் வரண்ட வடமேற்கில் வாழ்பவர்கள். ஹிம்பாப் பெண்கள் காவிக் கல்லின் தூளை வெண்ணெய்க் கொழுப்பில் குழைத்து உடம்பெங்கும் பூசுகிறார்கள். குளிக்கத் தண்ணீர் இல்லாத இடத்தில் வாசனைச் செடிகளைப் புகைத்து, அந்தப் புகையால் உடம்பைச் சுத்தம் செய்கிறார்கள்.

சுற்றுலா வாகனங்கள் ஹிம்பாக் கிராமங்களில் நிற்கின்றன. அந்தப் பெண்கள் தங்கள் வழக்கப்படி மேலாடை இல்லாமல் இருப்பவர்கள். வாகனம் நின்றதும் கமெராக்கள் உயர்கின்றன. வெட்கப்பட வேண்டியவர்கள் யாரென்று எனக்குச் சந்தேகமே இருக்கவில்லை. தன் வாசலில் தன் வழக்கப்படி இருப்பவளை விலை பேசிப் படம் பிடித்துப் போகிறவர்கள்தான். நான் வாகனத்தின் மறுபக்கம் போய் நின்று கொண்டேன். என் துணைவி உள்ளே போய்ப் பெண்களோடு தரையில் உட்கார்ந்தாள். அவர்கள் கேட்ட முதல் கேள்வி, "எத்தனை பிள்ளைகள்?" இரண்டாவது கேள்வி, "உங்கள் ஊரில் தண்ணீர் எவ்வளவு தூரம்?" வீட்டுக்குள்ளேயே குழாய் இருக்கிறது என்று சொல்ல அவளுக்கு நாக்கு எழவில்லையாம்.

எட்டோஷா தேசிய வனத்தைப் பற்றி உங்கள் பிள்ளைகள் கேட்பார்கள். 1907இல் ஒதுக்கப்பட்ட அந்த வனத்தின் நடுவே ஏறத்தாழ 4,800 சதுர கிலோ மீற்றர் பரப்பில் வெள்ளை உப்புத்தரை. வரண்ட காலத்தில் மிருகங்களைத் தேடி அலைய வேண்டியதில்லை. தண்ணீர்க் குழியருகே காத்திருந்தால் எல்லாமே வரும். ஒகாகுயேயோ முகாமில் இரவில் வெளிச்சம் போட்டிருக்கிறார்கள். கறுப்புக் காண்டாமிருகம் ஒன்று குட்டியோடு வந்து குடித்தது. யானைக் கூட்டம் வந்ததும் அது ஒதுங்கி வழி விட்டது. வரிக்குதிரைகள் தூரத்தில் தங்கள் முறைக்காக நின்றன. நூறு பேருக்கு மேல் பார்த்துக் கொண்டிருந்தோம், ஒருவரும் பேசவில்லை. அந்தக் குழிகளின் அருகே ஹாய்ஓம் என்ற சான் இன மக்கள் தலைமுறை தலைமுறையாக வாழ்ந்தார்கள் என்பதும், தென்னாபிரிக்க ஆட்சியில் 1954இல் அவர்கள் வெளியேற்றப்பட்டார்கள் என்பதும் நான் கேட்ட பிறகே சொல்லப்பட்டது.

திரும்பும் வழியில் வோட்டர்பேர்க் என்னும் செங்குத்தான மலை. பெயரின் பொருளே தண்ணீர் மலை. அடிவாரத்தில் ஊற்றுகள் சுரக்கின்றன. தங்கள் நிலமும் மாடும் பறிபோவதைப் பொறுக்காமல் ஹெரேரோக்கள் 1904 ஜனவரியில் ஜேர்மனியருக்கு எதிராக எழுந்தார்கள். அவ்வருடம் ஓகஸ்ட் 11ஆம் திகதி இந்த மலையருகே பீரங்கிகளால் தாக்கப்பட்டார்கள். தப்பியவர்கள், பெண்களும் குழந்தைகளும் மாடுகளுமாக, கிழக்கே ஒமஹேக்கே என்ற நீரற்ற மணல் வெளிக்குள் ஓடினார்கள். படையினர் பின்னாலிருந்த நீர்நிலைகளைக் காவல் போட்டு அடைத்தார்கள். ஒக்டோபர் 2ஆம் திகதி தளபதி வொன் ட்ரோதா கட்டளை பிறப்பித்தான்: ஆயுதம் உள்ளவனோ இல்லாதவனோ, ஹெரேரோ எவனும் சுடப்படுவான்; பெண்களையும் குழந்தைகளையும் ஏற்க மாட்டோம், திருப்பி விரட்டுவோம் அல்லது சுடுவோம். பின்னர் அந்த மணலில், நீர் தேடி ஆழமாகத் தோண்டிய வரண்ட குழிகளும் அவற்றைச் சுற்றி எலும்புக்கூடுகளும் காணப்பட்டன.

உயிர் பிழைத்தவர்களும், தெற்கே எழுந்து தோற்ற நாமா இனத்தவரும் 1908 வரை முகாம்களில் அடைக்கப்பட்டார்கள். சுவாகொப்முண்டிலும் ஒரு முகாம் இருந்தது. மணலில் நான் கண்ட குவியல்கள் அங்கே இறந்தவர்களுடையவை. செத்தவர்களின் தலைகளைச் சுரண்டிச் சுத்தம் செய்யும் வேலையை முகாமிலிருந்த பெண்களிடமே கொடுத்தார்கள். ‘ஆராய்ச்சிக்காக’ ஜேர்மனிக்கு அனுப்பப்பட்ட மண்டையோடுகளில் சில 2011, 2014, 2018 ஆகிய ஆண்டுகளில் திரும்பி வந்தன. சுமார் 80,000 ஹெரேரோக்களில் பெரும் பகுதியினரும், நாமாக்களில் ஏறத்தாழப் பாதிப் பேரும் அழிந்தார்கள் என்பது பொதுவான மதிப்பீடு. 2021இல் ஜேர்மனி இதனை இன அழிப்பு என்று ஒப்புக் கொண்டு, 30 வருடங்களில் 110 கோடி யூரோ தருவதாகச் சொன்னது. பாதிக்கப்பட்ட சமூகங்களின் தலைவர்கள் பலர், தங்களோடு நேரே பேசாத உடன்பாடு தங்களுக்கு வேண்டாம் என்று மறுத்து விட்டார்கள். நமீபியா 2025 மே 28ஆம் திகதி முதன்முறையாகத் தேசிய நினைவு தினம் அனுஷ்டித்தது.

போக நாடுவோருக்குச் சில வார்த்தைகள். ஜுன் முதல் ஒக்டோபர் வரையான வரண்ட மாதங்களே உகந்தவை. ஜுன், ஜுலையில் பாலைவன இரவு கடும் குளிர். கம்பளிச் சட்டை கட்டாயம். மழை மாதங்களில் வடக்கே மலேரியாப் பயமும் உண்டு. நம் நாட்டைப் போலவே இடது பக்க வாகன ஓட்டம். விடுதிகளில் காட்டு மிருக இறைச்சியும், ‘பில்டோங்’ என்னும் உப்புக்கண்டமும் தாராளமாகப் பரிமாறுவார்கள். அறுத்த முறை தெரியாததால் நாம் ஒதுங்கிக் கொள்ள வேண்டியதுதான். கடற்கரையில் நல்ல மீன் கிடைக்கும். மற்ற இடங்களுக்கு அவலும் பருப்பும் கொண்டு போங்கள். பயண நிறுவனத்திடம் பணம் கட்டுமுன், சுவாகொப்முண்ட் மையவாடியின் மணற்பக்கத்தில் அரை மணி நேரம் நிறுத்துவார்களா என்று கேட்டு, அதை நிரலில் எழுதி வாங்குங்கள். பாதை விலக வேண்டியதில்லை, மேலதிகச் செலவும் இல்லை. வழிகாட்டி ஹெரேரோவாக இருந்தால் மிகுதியை அவரே சொல்வார்.